பத்துக் கோடியில் ஐந்து

அத்தியாயம் 6

ஒரு கேஸ் முடிந்த மறுநாள் ரேடியோ மாடிப்படி ஏறும் அழகே தனி. இரண்டிரண்டு படியாகத் தாவுவான். கூடவே விசில் வேறு. அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாயை மூடச் சொன்னால் மூக்கால் பேசிவிடுகிற ஆளை அந்தப் பெயரால் கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. ரேடியோ என்றே நிலைத்துவிட்டது.

ஆபீஸ் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே யாராவது அலறும்போதெல்லாம், "பாருங்கக்கா, நாம நாயா அலைஞ்சு வரவழைக்கிற உண்மையை இந்த மனுஷன் உட்கார்ந்த இடத்துலயே வரவழைச்சுடறாரு" என்பான்.

அக்கா என்பது அவன் முதலாளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டி நஷ்ட ஈடு கேட்பவர்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். வேலையை விட்டு வந்து சொந்தமாகத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்த பிறகும் எல்லோருக்கும் அவர் இன்சூரன்ஸ் அக்காதான். அதிகம் பேசமாட்டார். ரேடியோ அளவு மீறும்போது மட்டும் "வால்யூம்" என்று ஒரே ஒரு சொல் வரும். அவனும் குறைத்துக்கொள்வான்.

அன்று விசிலோடு கதவைத் தள்ளியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அக்காவுக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"யாருன்னு தெரியுதா?" என்றார் அக்கா.

"இல்லையேக்கா."

"கல்லூரி கிளார்க்கோட பொண்ணு. அதே காலேஜ்லதான் படிக்கிறா."

விசில் உதட்டிலேயே காய்ந்துபோயிற்று.

கேஸ் இதுதான். கல்லூரியில் பரீட்சைக் கேள்வித்தாள்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு எண் பூட்டு. எட்டு இலக்கம். எண்ணை வைத்தவர் கணக்குப் பேராசிரியர். தெரிந்தவர்கள் அவரும், அறைக்குப் பொறுப்பான கிளார்க்கும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ அந்தப் பூட்டைத் திறந்திருக்கிறார்கள். மறுநாள் பூட்டின் திரையில் கடைசியாகத் திறந்த நேரத்தைப் பார்த்துத்தான் அது தெரிந்தது. பூட்டுக் கம்பெனி ஆள் வந்து அதன் நினைவகத்தைத் தோண்டிப் பார்த்ததில், முதலில் ஒரு தப்பான எண், அடுத்து சரியான எண் என்று பதிவாகியிருந்தது. உள்ளே இருந்தவை பொருளாதாரத் துறையின் கேள்வித்தாள்கள். ஒரு கவரின் அரக்கு முத்திரைகூட உடையவில்லை. இருந்தாலும் பிரின்சிபால் பயந்துவிட்டார். பரீட்சை ரத்து. முந்நூறு பிள்ளைகள் மறுபடி படிக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லி அக்காவிடம் வந்தார்.

அக்கா அப்போது வேறொரு கேஸில் மூழ்கியிருந்தார். "நீயே பாத்துடு" என்றார். ரேடியோ பார்த்தான். பேராசிரியர் அன்று வெளியூரில் தங்கை வீட்டில் இருந்தார். கிளார்க்கோ வேலை பாக்கி இருக்கிறதென்று லீவு நாளிலும் ஆபீஸுக்கு வந்திருந்தார். வேறு யாரும் வரவில்லை என்றான் வாட்ச்மேன். அதற்கு மேல் ரேடியோ தன் மூளையிலிருந்து ஒரு ரத்தினத்தை எடுத்துப் பதித்தான். அந்தத் தப்பான எண்.

சரியான எண் 73939133. தப்பான எண் 59393339.

'இதை அடித்தவன் எண் தெரியாதவனாக இருந்தால் பிறந்த தேதி, கல்யாணத் தேதி என்று எதையாவது போட்டுப் பார்த்திருப்பான். இவன் போட்டதில் முழுக்க மூன்றும் ஒன்பதும். சரியான எண்ணிலும் முழுக்க மூன்றும் ஒன்பதும். ஆகவே எண்ணை ஏற்கெனவே அறிந்த ஒருவர் பதற்றத்தில் குழப்பி அடித்திருக்கிறார்.' இப்படி எழுதி அறிக்கையை முடித்தான். அக்கா படித்துவிட்டு, "ரொம்பக் கச்சிதமா இருக்கே" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விசாரணையில் கிளார்க் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நேற்று சாயங்காலம் அவரை சஸ்பெண்ட் செய்து கையில் மெமோவைக் கொடுத்தார்கள்.

"எங்கப்பா அதைத் திறக்கல" என்றாள் அந்தப் பெண்.

"இங்க பாரும்மா" என்று ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்கப்பா ஒரு தடவைகூட இல்லன்னு சொல்லலையே. நான் வேணாம்னா சொன்னேன்? வாயைத் திறங்க சார், திறங்க சாருன்னு கெஞ்சாத குறை."

"வாயைத் திறக்கலைன்னா அவர் செஞ்சதா ஆயிடுமா? அவருக்கு அந்த நம்பர் வாயில வராதுங்க. விரல் பழக்கம். பூட்டு முன்னாடி போய் நின்னா விரல் தானா ஓடும், அவ்வளவுதான். இத்தனை வருஷமா அடிச்ச விரல். ஏழு இருக்கிற இடத்துல அஞ்சைப் போட எங்கப்பா என்ன புதுசா வேலைக்குச் சேர்ந்தவரா?"

எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"அப்பா இப்ப என்ன பண்றாரு?" என்றார் அக்கா.

"ஃபேனைக் கழட்டிட்டிருக்காரு."

"ரிப்பேரா?"

"இல்ல. நல்லா ஓடற ஃபேன்தான். கழட்டறாரு, துடைக்கிறாரு, திரும்ப மாட்டறாரு. காலையிலேருந்து ரெண்டாவது தடவை. யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாரு. அம்மா ராத்திரி முழுக்க அழுதாங்க. நீங்க எழுதினது தப்புங்க. தயவு செஞ்சு இன்னொரு தடவை பாருங்க."

"பாக்கறோம்" என்றார் அக்கா. "நீ வீட்டுக்குப் போ. இங்க வந்ததை அப்பாகிட்ட சொல்ல வேணாம்."

அவள் படியிறங்கும் ஓசை தேய்ந்ததும் ரேடியோ ஆரம்பித்தான். "பாசம்க்கா. எந்தப் பொண்ணுதான் அப்பனை விட்டுக் கொடுக்கும்? எங்க அப்பா சைக்கிள் திருடி மாட்டினாக்கூட சைக்கிள்தான் எங்கப்பாவைத் திருடிச்சுன்னு எங்க அக்கா சொல்லுவா..."

"வால்யூம்."

அக்கா ஒரு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இலக்கத்துக்கு நேர் இலக்கமாக எழுதியிருந்தார்.

7 3 9 3 9 1 3 3

5 9 3 9 3 3 3 9

"மேலயும் கீழயும் ஒரே இலக்கம் எத்தனை இடத்துல இருக்கு, சொல்லு."

ரேடியோ விரலை வைத்துக்கொண்டே போனான். ஏழுக்குக் கீழே ஐந்து. மூன்றுக்குக் கீழே ஒன்பது. ஒன்பதுக்குக் கீழே மூன்று. விரல் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கா. ஏழாவது இடம்."

"பதற்றத்துல ஒரு விரல் நழுவும். ரெண்டு நழுவும். எட்டுல ஏழு நழுவுமா?"

ரேடியோ இரண்டு வரிகளையும் மறுபடி பார்த்தான். இரண்டு எண்ணையும் இப்படி ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு தும்மல் போடும் நேரம். அவன் எழுதிப் பார்க்கவில்லை. மூன்றும் ஒன்பதுமாகக் கண்ணில் பட்டதும், 'ஆஹா, ரேடியோ, நீ எங்கேயோ போயிட்டே' என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான். அந்தத் தட்டு இப்போது இன்னொருத்தர் முதுகில் விழுந்திருந்தது.

"அக்கா, அப்ப நான் அந்த மனுஷனை..."

"நாம" என்றார் அக்கா. "கையெழுத்து என்னுது. வண்டியை எடு."

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. சிக்னலில் நின்றபோது அக்காவே பேசினார்.

"முத்திரை ஏன் உடையலைன்னு யோசிச்சியா?"

"யாரோ வர்ற சத்தம் கேட்டு ஓடிட்டான்னு எழுதினேன்."

"சத்தம் கேட்டு ஓடறவன் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டிட்டா ஓடுவான்? உள்ள இருந்தது அந்த ஆளுக்கு வேண்டவே வேண்டாம், ரேடியோ. கதவு திறக்குதான்னு பாக்கணும். அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கு."

"பூட்டைத் திறக்கறதுக்காகவே ஒருத்தன் பூட்டைத் திறப்பானா? என்ன பைத்தியம்க்கா அது?"

"அந்தப் பைத்தியத்துக்கு ஒரு டிபார்ட்மென்டே இருக்கே. அங்கதான் போறோம்."

கணக்குப் பேராசிரியரின் அறையில் மூன்று சுவரில் புத்தகம், நாலாவது சுவரில் கரும்பலகை. மனிதர் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூசியாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அந்த கேஸ்தான் முடிஞ்சு போச்சே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் இவர்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் அக்கா. "ஏன் குறிப்பா அந்த எண்?"

"ஏதோ ஒரு எண். தோணிச்சு, வச்சேன்."

"சார், எனக்குக் கணக்கு வராது" என்று ரேடியோ குறுக்கே புகுந்தான். "எட்டாங்கிளாஸ்ல கணக்கு வாத்தியார் என் பேப்பரைத் திருத்தல, இரங்கல் தெரிவிச்சார். ஆனா எனக்கே ஒண்ணு தெரியும். உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எண்ணு சும்மா தோணாது."

பேராசிரியர் அவனைப் பார்த்தார். மனசுக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாதவர்களின் அவஸ்தை அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் எழுந்து சாக்பீஸை எடுத்தார்.

"பகா எண் தெரியுமில்லையா? ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாத எண். இது ஒரு பகா எண்." பலகையில் 73939133 என்று எழுதினார். "இந்தக் கடைசி மூணை அழிச்சுடறேன். என்ன மிச்சம்? 7393913. இதுவும் பகா எண். இன்னொரு வாலை வெட்டறேன். 739391. இதுவும்தான்." கையாலேயே துடைத்துக்கொண்டு போனார். "73939. 7393. 739. 73. கடைசியா வெறும் ஏழு. எங்க நிறுத்தினாலும் பகா எண். எத்தனை வெட்டினாலும் உடையாது."

தன்னையறியாமல் ரேடியோவின் வாய் பிளந்துகொண்டது. "மண்புழு மாதிரி சார்."

"மண்புழுவை விட மேல. இந்த மாதிரி எண்களோட மொத்தக் குடும்பமே எண்பத்து மூணு பேர்தான். அதுல இதுதான் பெருசு. இதுக்கு மேல ஒரு இலக்கம்கூட ஒட்ட முடியாது. பின்னாடி ஒண்ணையோ ஏழையோ ஒட்டினா மூணால வகுபட்டுடும். மூணையோ ஒன்பதையோ ஒட்டினாலும் வேற எதாலயாவது உடைஞ்சுடும். மத்த இலக்கத்தைப் பத்திப் பேச்சே இல்ல, ரெட்டைப்படையும் அஞ்சும் முதல் பார்வையிலேயே அவுட். எண்ணோட பாதை இங்கயே முடியுது." குரலில் ஒரு காதல் தொனித்தது.

அக்கா எழுந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். பலகையின் இன்னொரு பக்கத்தில் 59393339 என்று எழுதினார்.

"இதோட வாலை வெட்டிக் காட்டுங்க சார்."

பேராசிரியரின் கை பாதியிலேயே நின்றது. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை இதற்கு முன்பு பார்த்ததில்லை. பூட்டில் தப்பாக அடித்த எண் அது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டுவிட்டார் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"வெட்ட வேண்டாம்" என்றார் மெதுவாக. "இதுவும் அந்தக் குடும்பம்தான். எட்டு இலக்கத்துல மொத்தம் அஞ்சே அஞ்சு பேர். இவன் நாலாவது."

ரேடியோவுக்குப் பொறி தட்டியது. "மூணும் ஒன்பதுமா ஒரே மாதிரி இருந்தது அதனாலதானா? குழப்பி அடிச்சதில்லையா? குடும்பச் சாடையா?"

"ஆமா. முதல் இலக்கத்தைத் தவிர வேற இடத்துல ஒண்ணு, மூணு, ஏழு, ஒன்பது, இந்த நாலும்தான் வரவே முடியும். அதனால எல்லாரும் ஒரே ஜாடை."

"எட்டு இலக்கத்துக்குப் பத்துக் கோடி எண் இருக்கு, ஆண்டவனாலகூட ஊகிக்க முடியாதுன்னு எழுதினேனே சார்..."

"பத்துக் கோடி சாவி இருக்கிற பூட்டுன்னு எல்லாரும் நினைச்சீங்க." பேராசிரியர் நாற்காலியில் சரிந்தார். "என் ஆசையைத் தெரிஞ்சவங்களுக்கு அஞ்சே சாவிதான்."

"உங்க ஆசை யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா.

வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போனார்கள்.

"வகுப்புல இதைப் பத்திப் பேசினதில்ல" என்றார் பேராசிரியர் கடைசியில். "எண்ணைப் பூட்டுக்கு வச்ச பிறகு ஜாக்கிரதையாத்தான் இருந்தேன். ஆனா ஒரு நாள்... வெளியில பெஞ்சுல ஒருத்தர் சும்மா காத்துக்கிட்டு இருந்தாங்க. பொழுதுபோகட்டும்னு ஒரு புதிர் போட்டேன். வாலை வெட்டினா உடையாத எண் இருக்கு, அதுல ரொம்ப நீளமானது எட்டு இலக்கம், முடிஞ்சா கண்டுபிடின்னு. எண்ணைச் சொல்லவே இல்ல. கண்டுபிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்ல. சத்தியமா."

"யாருன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றார் அக்கா. "வேற ஒண்ணு கேக்கறேன். கிளார்க்கை நேத்து வெளிய அனுப்பினப்ப நீங்க அந்த ரூம்லதான் இருந்தீங்க. அப்பவே இது உங்களுக்குத் தோணிச்சா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தோணிச்சு. எழுந்து சொல்லணும்னும் தோணிச்சு. இவ்வளவு பெரிய ஆபீஸ் பூட்டுக்கு நான் ஒரு விடுகதையை வச்சேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அந்தப் பிள்ளையோட வாழ்க்கையும் போச்சு. இப்படி ரெண்டு காரணம். இதுல எது நிஜக் காரணம்னு ராத்திரியெல்லாம் எனக்கே தெரியல."

வெளியே வந்ததும் ரேடியோ குதித்தான். "யாருன்னு ஏன்க்கா கேக்கல? ஒரு வார்த்தைதானே பாக்கி! விட்டுட்டு வந்துட்டீங்களே!"

"எனக்கு அது காலையிலேயே தெரியும்."

"காலையிலயா?"

அக்கா ஃபோனை எடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஒரே கேள்வி, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளே யார் யார் வந்தார்கள் என்று. பதில் ஸ்பீக்கரில் வந்தது. "வெளியாளு யாரும் வரலைங்கம்மா, சத்தியமா. கிளார்க் ஐயாவுக்குச் சாப்பாடு கொண்டாந்தது அவர் பொண்ணுதான். அது தினம் வர்ற பிள்ளையாச்சே, அதையெல்லாமா கணக்குல சேப்பாங்க?"

ரேடியோ ஸ்கூட்டரின் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

கிளார்க் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. கூடத்தின் நடுவில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் ஃபேனின் மூன்று இறக்கைகளையும் வைத்துக்கொண்டு கிளார்க் உட்கார்ந்திருந்தார். மகள் சுவரோரம் நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போலீஸ் வந்தால் மாட்டிக்கொள்கிற மாதிரி.

"உட்காருங்க" என்றார் அவர். "என்ன வேணும்?"

அக்கா அவளைப் பார்த்துத்தான் பேசினார். "பாப்பா, காலையில ஒண்ணு சொன்னியே. ஏழு இருக்கிற இடத்துல அப்பா அஞ்சைப் போட மாட்டாருன்னு. அஞ்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"மெமோவுல 'ஒரு தவறான எண்'னு மட்டும்தான் இருக்கு. விசாரணையிலயும் எண்ணைச் சொல்லல. காலையில அது அஞ்சுல ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சிருந்தவங்க பூட்டுக் கம்பெனிக்காரர், பிரின்சிபால், நான், இதோ இவன். நாலு பேர். அஞ்சாவதா ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும். அதை அடிச்சவங்களுக்கு."

"நான்தான் அவகிட்ட சொன்னேன்" என்றார் கிளார்க். குரல் உயர்ந்திருந்தது. "நான்தான் திறந்தேன். ஒத்துக்கறேன். எழுதிக்குங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"அந்தத் தப்பான எண்ணை முழுசாச் சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

கிளார்க்கின் உதடு அசைந்தது. ஐந்து என்றார். அப்புறம் மூன்று என்றார். அப்புறம் நின்றுவிட்டார்.

"அஞ்சு, ஒன்பது, மூணு, ஒன்பது, மூணு, மூணு, மூணு, ஒன்பது" என்றாள் மகள். "போதும்பா."

அவர் தரையில் உட்கார்ந்தார். ஒரு இறக்கை அவர் கால் பட்டு டங்கென்று அதிர்ந்தது.

அவள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தினால் மறுபடி சொல்ல முடியாது என்கிற மாதிரி. பேராசிரியர் போட்ட புதிரை மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தாளாம். இரண்டில் ஆரம்பித்து, மூன்றில், ஐந்தில், ஏழில் ஆரம்பித்து, கிளை கிளையாக. ஒரு வழியாக ஐந்து எண்கள் வந்தன. போய்ச் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று நினைத்தபோதுதான் அப்பாவின் பூட்டு ஞாபகம் வந்தது. அதுவும் எட்டு இலக்கம். அதை வைத்தவரும் அதே சார்.

"சாப்பாடு கொடுத்துட்டுத் திரும்பினப்போ அந்தப் பூட்டு முன்னாடியே வந்துட்டேன். மூணு தப்பு விட்டா அலாரம் அடிக்கும்னு தெரியும். சாருக்கு அஞ்சு ராசின்னு எப்பவும் சொல்வாரு, அதனால முதல்ல அஞ்சுல ஆரம்பிக்கிறதைப் போட்டேன். சிவப்பு. உடனே புரிஞ்சுது. ராசி கீசியெல்லாம் வாய்ப்பேச்சு. சாருக்கு எப்பவும் இருக்கறதுலயே பெருசுதான் வேணும். அடுத்ததைப் போட்டேன். பச்சை எரிஞ்சுது." அந்தச் சொல்லைச் சொன்னபோது ஒரு கணம் அவள் முகத்தில் வெளிச்சம் வந்து போயிற்று. அதற்காக உடனே வெட்கப்பட்டாள். "கதவு ஒரு ஜாண் திறந்துச்சு. அவ்வளவுதான். நான் உள்ள காலே வைக்கல. சாத்திட்டு ஓடியாந்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றான் ரேடியோ.

"பரீட்சையை ரத்து பண்ணிட்டாங்கன்னதும் பயந்துட்டேன். அப்பாமேல பழி வரும்னு நினைக்கல. வந்த பிறகு... வாயைத் திறந்தா சத்தம் வரலைங்க. நீங்களாவது கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் காலையில வந்தேன்."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கிளார்க்கின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கறேன்" என்றார் அக்கா. "ஆனா திறந்தது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயாலதான் வரணும். இன்னிக்கு முடியுமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பிரின்சிபால் அறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் கதவைத் தட்டிக்கொண்டு பேராசிரியர் உள்ளே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "பூட்டுக்குச் சாவியை நான்தான் பெஞ்சு மேல வச்சுட்டுப் போனேன்" என்று அவரும் நின்றுகொண்டே சொன்னார். பிரின்சிபால் ரேடியோ பக்கம் திரும்பி, "அப்ப நீங்க எழுதிக் கொடுத்தது?" என்றார். ரேடியோவிடம் எந்த நேரமும் பத்து பதில் தயாராக இருக்கும். அன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "தப்பு சார்" என்றான்.

கிளார்க்கின் சஸ்பென்ஷனை ரத்து செய்தார்கள். மகளை அந்த வருஷப் பரீட்சை எழுத விடவில்லை, அடுத்த வருஷம்தான். பூட்டுக்கு எண் வைக்கும் பொறுப்பு பேராசிரியரிடமிருந்து போனது. ரத்தான பரீட்சையை முந்நூறு பேரும் மறுபடி எழுதினார்கள். அவள் அந்தப் பொருளாதார வகுப்புக்கே போய் நின்று மன்னிப்புக் கேட்டாள் என்றும், பின் பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள் என்றும், அவள் அழாமல் கேட்டுக்கொண்டு நின்றாள் என்றும் பிறகு தெரியவந்தது.

ஆனால் இதெல்லாம் ரேடியோவுக்கு ஆறுதலாக இல்லை. மாற்றி எழுதிய அறிக்கையின் பிரதியை எடுத்துக்கொண்டு அவன் கிளார்க் வீட்டுக்குப் போனான். அக்கா கீழேயே ஸ்கூட்டரோடு நின்றார். "மாடிக்கு நீ மட்டும் போ" என்றார். "என் முறைக்கு நான் அப்புறம் வர்றேன்."

கிளார்க் வேலைக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். ஃபேன் உத்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோ வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "சார், ரெண்டு எண்ணையும் ஒண்ணு கீழ ஒண்ணா எழுதிப் பாத்திருந்தா போதும். நான் பாக்கல. என் மேல கோபமா ரெண்டு வார்த்தை திட்டிடுங்க சார். கேட்டுட்டுப் போயிடறேன்."

கிளார்க் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்தார்.

"திட்ட முடியாது தம்பி" என்றார். "அன்னிக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துட்டுப் போனவ, கொஞ்ச நேரத்துல என் ரூமைத் தாண்டி ஓடினா. முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பூட்டு விஷயம் வெளிய வந்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்து எல்லாரும் அவளைத்தான் தேடுவாங்கன்னு சோறு இறங்கல. அப்பத்தான் நீங்க எழுந்து, இந்தக் கிளார்க்தான் திறந்தாருன்னு அவ்வளவு அழகா எடுத்துச் சொன்னீங்க. ஒருத்தர்கூடச் சந்தேகப்படல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்த நிமிஷம் எனக்கு உங்க மேல நன்றியா இருந்துச்சு தம்பி. ரொம்ப நன்றி."

சாதாரணமாகத்தான் சொன்னார். கேலி இல்லை, குத்தல் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவனுக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.

ரேடியோ கீழே வந்தான். அக்கா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் அவன் முகத்தைப் பார்த்தார்.

"திட்டினாரா?"

"இல்லக்கா" என்றான் ரேடியோ. "நன்றி சொன்னாரு."

அக்கா சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மாற்றி எழுதிய அறிக்கையின் இன்னொரு பிரதியைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, தெருமுனையில் போய்க்கொண்டிருந்த கிளார்க்கின் பின்னால் வேகமாக நடந்தார்.